‘ஷ்பூம்’ பாடலை குரூ கட்ஸ் பாடியது திருட்டா?

தெற்குவீதி:
‘ஷ்பூம்’ என்ற ஆங்கிலப் பாட்டைச் சொன்னதும் குரூ கட்ஸ் குழுவைப் புகழ்கிறவர்கள் இன்னும் குறையவில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. அந்தப் பாடலை எழுதியவர்களும் முதலில் பாடியவர்களும் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த ‘த கார்ட்ஸ்’ குழுவின் ஐந்து கறுப்பின இளைஞர்கள். 1954 மார்ச்சில், அட்லாண்டிக் நிறுவனத்தின் கிளையான ‘கேட்’ இசைத்தட்டு முத்திரைக்காகப் பதிவு செய்தார்கள். கறுப்பினத்தவர் இசையான ரிதம் அண்ட் புளூஸின் வெற்றிப் பட்டியலில் இரண்டாம் இடம். வெள்ளையர் கேட்கும் பாப் பட்டியலிலும் முதல் பத்துக்குள் நுழைந்தார்கள். அந்தக் காலத்தில் அது எத்தனை பெரிய செய்தி! உடனே மெர்க்குரி நிறுவனம் கனடாவின் டொரான்டோவிலிருந்து வந்த நான்கு வெள்ளை இளைஞர்களை, அதாவது குரூ கட்ஸ் குழுவை, கொண்டு அதே பாடலைப் பாட வைத்தது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் முதலிடத்தில் இருந்தது அந்த இரண்டாவது பதிவுதான். இதற்குத் திருட்டு என்று பெயர் வைக்காமல் வேறு என்ன சொல்வது?

வானொலி நேயர்:
நண்பரே, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கார்ட்ஸ் வெளியிட்ட அந்த இசைத்தட்டைத் திருப்பிப் பாருங்கள். அதன் முதல் பக்கத்தில் இருந்தது ‘கிராஸ் ஓவர் த பிரிட்ஜ்’. அது பாட்டி பேஜ் என்ற வெள்ளைப் பாடகியின் வெற்றிப் பாடல். ‘ஷ்பூம்’ இரண்டாம் பக்கத்தில்தான் இருந்தது. ஆக, கவர், அதாவது பிறர் பாடிய பாட்டின் மறுபதிவு, பாடிக்கொண்டே அறிமுகமான குழு அது. ஒரு பாட்டு வெற்றி பெற்றால் நான்கைந்து நிறுவனங்கள் ஒரே மாதத்தில் தத்தம் பாடகர்களைக் கொண்டு அதைப் பதிவு செய்வது அன்றைய தொழில் வழக்கம். இதே ‘ஷ்பூம்’ பாடலை பில்லி வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் குழுவும் பாடியது. அவரையும் திருடர் என்பீர்களா? பாடலை எழுதியவர்கள் என்ற முறையில், குரூ கட்ஸ் தட்டு விற்க விற்க கார்ட்ஸ் குழுவினருக்கும் உரிமைத்தொகை உண்டு.

தெற்குவீதி:
பாட்டி பேஜின் பாடல் அதற்குள் நாடெங்கும் ஒலித்துவிட்டது. ஐந்து புதுமுகங்கள் அதைப் பாடியதால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. இங்கே நடந்தது நேர்மாறு. பெரிய நிறுவனம், பெரிய விநியோகம், கறுப்பினக் குரலை ஒலிபரப்பத் தயங்கிய வானொலி நிலையங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து சிறிய தட்டை அமுக்கின. உரிமைத்தொகை என்கிறீர்கள். 1909-ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு தட்டுக்கு ஒரு பாடலுக்கான தொகை இரண்டு சென்ட். அதில் பதிப்பாளரின் பங்கு போக மீதியை ஐந்து பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலிடம் பிடித்த பாடகர்களுக்குக் கிடைக்கும் மேடையும் தொலைக்காட்சியும் யாருக்குப் போயின? எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இந்தப் பாடலைப் பாடியவர்கள் குரூ கட்ஸ். கார்ட்ஸ் குழுவோ, அதே பெயரில் இன்னொரு குழு இருந்ததால் பெயரையும் இழந்து, கார்ட்கேட்ஸ் என்றும் பிறகு ஷ்பூம்ஸ் என்றும் மாற்றிக்கொண்டு அலைந்தது.

தாளம்:
இருவரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கார்ட்ஸ் பதிவில் பக்கவாத்தியம் இல்லாமல் குரல்கள் மட்டும் பாய்ந்து வருகின்றன, பிறகுதான் தாளம் சேர்கிறது. நடுவே சாம் டெய்லரின் சாக்ஸபோன் வெறிகொண்டு எழுகிறது. கீழ்க்குரல் தனியாக ஒரு வரி எடுக்கும்போது அந்தத் தெருவே நம் காதில் இருக்கிறது. குரூ கட்ஸ் பதிவில் அந்த சாக்ஸபோன் இல்லை, மெருகேற்றிய வாத்தியக் குழு வந்துவிட்டது. அவர்கள் நன்றாகவே பாடுகிறார்கள். தேவாலயப் பாடகர் பள்ளியில் படித்தவர்கள், சுருதி பிசகாது. ஆனால் அந்தப் பாட்டில் இருந்த ஆபத்து போய்விட்டது. என் காதுக்கு அதுதான் பெரிய இழப்பு.

வானொலி நேயர்:
தாளம் அவர்களே, மாற்றிப் பாடுவது குற்றமென்றால் டூ-வாப் என்கிற இந்தக் குழுக்குரல் இசையில் பாதி மிஞ்சாது. ‘புளூ மூன்’ 1934-இல் ரோஜர்ஸ், ஹார்ட் இருவரும் உருவாக்கிய மென்மையான பாடல். பிட்ஸ்பர்க்கின் மார்செல்ஸ் குழு 1961-இல் அதைத் தலைகீழாக்கி முதலிடம் பிடித்தது. பிளமிங்கோஸ் 1959-இல் பாடிய ‘ஐ ஒன்லி ஹேவ் ஐஸ் ஃபார் யூ’ பாடலும் 1934-இல் வந்ததுதான். அவற்றை நாம் கொண்டாடுகிறோமே!

தாளம்:
கொண்டாடத்தான் வேண்டும். பழைய பாட்டுக்குள் யாரும் கேட்டிராத ஒன்றை அவர்கள் கண்டெடுத்தார்கள். நான் எதிர்ப்பது, நேற்று வெளியான தட்டை இன்று அச்சுப் பிசகாமல் எடுத்து அதே கடையில் அதே வாரத்தில் விற்பதை. கறுப்பினப் பாடகி லாவர்ன் பேக்கரின் ‘ட்வீடில் டீ’ பாடலுக்கு நேர்ந்தது அதுதான். வெள்ளைப் பாடகி ஜார்ஜியா கிப்ஸ் அதன் இசைக்கோர்ப்பு (அரேஞ்ச்மென்ட்) முழுவதையும் பின்பற்றிப் பாடி அவரை முந்தினார். அதுவும் மெர்க்குரி வெளியீடு! பேக்கர் சும்மா இருக்கவில்லை. 1955-இல் நாடாளுமன்ற உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸுக்குக் கடிதம் எழுதி, இசைக்கோர்ப்புக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார். கிடைக்கவில்லை. 1950-இலேயே கலிபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், இசைக்கோர்ப்பின் பாணிக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஒலிப்பதிவுகளுக்கே கூட்டாட்சிப் பதிப்புரிமை வந்தது 1972 பிப்ரவரி 15-இலிருந்துதான். அப்போதும் போலச் செய்து பாடுவதைச் சட்டம் தடுக்கவில்லை.

வானொலி நேயர்:
சரி, சட்டம் ஓட்டையானது. ஆனாலும் விளைவைப் பாருங்கள். குரூ கட்ஸ் பாடியதால் வெள்ளை இளைஞர்களின் காது பழகியது. அடுத்த ஆண்டே கறுப்பினக் குழுவான பிளாட்டர்ஸின் ‘ஒன்லி யூ’ வெளியானது. அதையும் வெள்ளையர் குழுவான ஹில்டாப்பர்ஸ் பாடினார்கள். ஆனால் முந்தியது பிளாட்டர்ஸ். 1956-இல் கறுப்பினச் சிறுவன் பிரான்கி லைமனின் ‘வை டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்’ பாடலுக்கு கேல் ஸ்டார்ம், டயமண்ட்ஸ் என்று இரண்டு கவர்கள் வந்தும் மூலப் பதிவே மேலே நின்றது. பழக்கப்படுத்தியவர்களுக்கு அதில் பங்கில்லையா?

தெற்குவீதி:
இல்லை. கார்ட்ஸ் தட்டு பாப் பட்டியலில் ஏறியது குரூ கட்ஸ் ஏறுவதற்கு முன்பு. வெள்ளை இளைஞர்களின் காது யாருடைய துணையும் இல்லாமல் ஏற்கெனவே திறந்திருந்தது. அதைப் பார்த்துத்தானே மெர்க்குரி ஓடிவந்தது? நீங்கள் சொன்ன பிளாட்டர்ஸ் குழுவும் அதே மெர்க்குரியின் குழுதான். மூலப் பாடகர்களை அவர்கள் குரலிலேயே விற்க முடியும் என்பது அந்த நிறுவனத்துக்கே தெரிந்திருக்கிறது. நடுவில் கார்ட்ஸ் போன்றவர்கள் பலியானார்கள். கறுப்பினக் குழுவான பென்குயின்ஸின் ‘எர்த் ஏஞ்சல்’ பாடலை 1955-இல் இதே குரூ கட்ஸ் பாடி, பாப் பட்டியலில் மூலப் பதிவைத் தாண்டிப் போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நடந்தால் வழக்கம் என்று விடலாம். ஒரே குழு திரும்பத் திரும்பச் செய்தால்?

வானொலி நேயர்:
நிறுவனத்தைக் குற்றம் சொல்லுங்கள், நானும் உடன்படுகிறேன். டொரான்டோவிலிருந்து பிழைக்க வந்து, கையில் கொடுத்த பாட்டைப் பாடிய நான்கு இளைஞர்களைத் திருடர் என்று அழைக்க மட்டும் ஒப்பமாட்டேன்.

தெற்குவீதி:
அந்த நால்வர்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை. 2006-இல் வந்த ‘கார்ஸ்’ திரைப்படத்தில் கார்ட்ஸ் குழுவின் பதிவே ஒலித்தது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு மூலக் குரல்தான் தெரியும். நாமும் பாடலைப் பகிரும்போது அந்தப் பதிவையே பகிர்வோம், கார்ட்ஸ் என்ற பெயரையும் சேர்த்து எழுதுவோம்.