மனித டி-ரெக் செல்களில் சிடி73 தெரியவே இல்லை: ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

ஊட்டிப்பனி:
வணக்கம். ஊட்டியில் பிஎச்டி செய்கிறேன். மனித ரத்தத்தில் உள்ள டி-ரெக் செல்கள் (எதிர்ப்பு சக்தியைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரி டி செல்கள்) அடினோசின் மூலம் மற்ற டி செல்களை எப்படி அடக்குகின்றன என்பதுதான் தலைப்பு. செல்லுக்கு வெளியே கிடக்கும் ஏடிபியை செல் மேற்பரப்பில் உள்ள சிடி39 என்ற என்சைம் ஏஎம்பி வரை உடைக்கிறது, அந்த ஏஎம்பியை சிடி73 என்ற இன்னொரு என்சைம் அடினோசினாக மாற்றுகிறது. இதை வைத்துத்தான் பேனல் (சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளின் தொகுப்பு) போட்டேன்: சிடி4, சிடி25, சிடி127, சிடி39, அப்புறம் பிஈ சாயம் ஏற்றிய சிடி73 (ஏடி2 குளோன்).

எங்கள் துறையில் ஃப்ளோ சைட்டோமீட்டர் (ஒவ்வொரு செல்லின் சாய ஒளியையும் அளக்கும் கருவி) கிடையாது. ஸ்டெயின் செய்து, ஃபிக்ஸ் பண்ணி, ஃபாயில் சுற்றி, காலை முதல் பஸ்ஸில் கோவைக்கு எடுத்துப் போகிறேன். சிடி39 அழகாக வருகிறது. டி-ரெக் கேட்டுக்குள் (டி-ரெக் என்று பிரித்தெடுத்த செல்களில்) சிடி73 மட்டும் எஃப்எம்ஓ கன்ட்ரோல் (அந்த ஒரு ஆன்டிபாடியை மட்டும் விட்டுவிட்ட டியூப்) மேலேயே படுத்துக் கிடக்கிறது. எல்லா டோனரிலும் இதே கதைதான்.

ஆன்டிபாடி மேல் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. பார்சல் சனிக்கிழமை மேட்டுப்பாளையம் வந்து, மலைக்கு வண்டி இல்லை என்று திங்கள் வரை அங்கேயே கிடந்தது. பெட்டியைத் திறந்தால் ஜெல் பேக் எல்லாம் கொழகொழ. கைடு "புதுசு வாங்கு" என்கிறார். வாங்கினால் இந்த வருட கன்டின்ஜென்சி பணம் காலி.

மலைரயில்:
யோசிக்கவே வேண்டாம், கம்பெனிக்கு போட்டோவோடு மெயில் போட்டு மாற்றிக் கேளுங்க. ஐஸ் உருகி வந்தால் அது அவங்க பொறுப்பு.

குன்னூர் அக்கா:
மெயில் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குப்பியைக் குப்பையில் போட்டுவிடாதே மா.

ஐஸ் உருகியதற்கு இவ்வளவு பயம் தேவையில்லை. இரண்டு நாள் சாதாரண வெப்பத்தில் கிடந்ததால் மட்டும் ஆன்டிபாடி சாதாரணமாகச் செத்துப்போகாது. நம் ஊரில் ஆபத்து எதிர்ப்பக்கம்: உறைவது. பிஈ ஒரு புரதம், உறைந்து உருகினால் ஒளியே போய்விடும். டீப் ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஜெல் பேக்கைக் குப்பியோடு ஒட்டிவைத்து அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். 1907-லேயே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் வந்த மலை இது. இன்னமும் ஒரு குப்பி ஒழுங்காக மேலே ஏறி வர சாமி கும்பிட வேண்டியிருக்கிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டி-ரெக்கில் சிடி73 இருக்கும் என்று எங்கே படித்தாய்? 2007-ல் வந்த அந்தப் பிரபலமான கட்டுரை என்றால், அது எலி. எலியின் டி-ரெக்கில் சிடி39, சிடி73 இரண்டும் சேர்ந்தே மேற்பரப்பில் இருக்கும். மனித ரத்தத்து டி-ரெக்கில் சிடி39 இருக்கும், சிடி73 மேற்பரப்பில் மிகக் குறைவு. நீ பார்ப்பது அநேகமாக உண்மையான பதில்தான்.

ஆன்டிபாடி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பைசா செலவு வேண்டாம். பழைய ஃபைலைத் திற. லிம்போசைட் கேட் போட்டு, அதில் சிடி4 இல்லாத செல்களை மட்டும் எடு. அங்கே பி செல்கள் இருக்கும், அவற்றில் பெரும்பாலானவற்றில் சிடி73 நன்றாகவே இருக்கும். நைவ் சிடி8 செல்களிலும் உண்டு. அங்கே மேடு தெரிந்தால் ஆன்டிபாடி நலம். அடுத்த முறை பி செல்லை அடையாளம் காட்டும் சிடி19 ஒன்றையும் சேர்த்துக்கொள், ஒவ்வொரு டியூபிலும் உள்ளேயே பாசிட்டிவ் கன்ட்ரோல் கிடைத்துவிடும்.

லேபிளையும் ஒருமுறை பார்த்துவிடு. ஏடி2 மனித சிடி73-க்கானது. எலிக்கு டிஒய்/11.8 என்ற குளோன் வேறு. பக்கத்து பெஞ்சில் எலி வேலை நடந்தால் ஃப்ரிட்ஜில் குப்பி மாறுவது சகஜம்.

கோத்தகிரிக்காரன்:
அக்கா சொன்னதோடு ஒன்று. ஃபாக்ஸ்பி3-யும் (செல்லுக்கு உள்ளே இருக்கும் டி-ரெக் அடையாளப் புரதம்) பார்க்கப் போகிறீர்கள் என்றால், மேற்பரப்பு ஸ்டெயினை முதலில் முடியுங்கள், மெத்தனால் பக்கமே போகாதீர்கள். மெத்தனால் பட்டால் பிஈ காலி.

இன்னொன்று, ஆன்டிபாடி ஒட்டியது என்றால் என்சைம் அங்கே இருக்கிறது என்றுதான் அர்த்தம், வேலை செய்கிறது என்று அல்ல. ஏஎம்பி கொடுத்து, வெளிவரும் பாஸ்பேட்டை மாலகைட் கிரீனில் (பாஸ்பேட் இருந்தால் பச்சையாகும் சாயம்) அளந்து பாருங்கள். ஏபிசிபி என்ற தடுப்பான் போட்ட குழியில் அளவு குறைந்தால் அது சிடி73-இன் வேலைதான். தயவுசெய்து செல்களை பிபிஎஸ்ஸில் வைத்து அளக்காதீர்கள், அதிலேயே பாஸ்பேட் இருக்கிறது, தட்டு முழுக்கப் பச்சையாகிவிடும். ட்ரிஸ் பஃபரில் கழுவுங்கள்.

ஊட்டிப்பனி:
அக்கா, ஃபைலைத் திறந்து பார்த்தேன். சிடி4 இல்லாத பக்கம் தனியாக ஒரு மேடு, எஃப்எம்ஓவை விட்டு நன்றாகத் தள்ளி நிற்கிறது. சிடி4 செல்களிலும் ஓரமாகக் கொஞ்சம் இருக்கிறது, டி-ரெக் கேட்டில்தான் இல்லை. லேபிளிலும் மனிதன் என்றே இருக்கிறது.

கைடிடம் காட்டினேன். "அப்படியென்றால் அடினோசினை யார் செய்கிறார்கள்?" என்று கேட்கிறார்.

குன்னூர் அக்கா:
நல்ல கேள்வி, உன் தீசிஸே அதுதான். டி-ரெக் தன் சிடி39-ஆல் ஏஎம்பி வரை கொண்டுவந்து வெளியே விட்டால், பக்கத்தில் நிற்கும் பி செல்லோ சிடி8 செல்லோ தன் சிடி73-ஆல் மீதியை முடிக்கலாம். டி-ரெக்கைத் தனியாகவும், பி செல்லோடு சேர்த்தும் வைத்து, கோத்தகிரிக்காரர் சொன்ன அளவீட்டைச் செய்து பார். கன்டின்ஜென்சி பணத்தில் சிடி19 வாங்கு, இன்னொரு ஏடி2 வேண்டாம். ஆர்டர் போடும்போது திங்கட்கிழமை கிளம்பும்படி எழுதிக் கேள், வார இறுதி நடுவில் வராது.