மாமரத்துல ரெண்டு கிளை வெட்டச் சொன்னேன், மொட்டையடிச்சிட்டுப் போயிட்டாங்க. மரம் பிழைக்குமா?

காவேரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டுக் கொல்லையில ஒரு இமாம்பசந்த் மரம் இருக்கு, அப்பா வச்சது, 22 வருஷ மரம். ஒரு கிளை பக்கத்து வீட்டு சன்ஷேடு மேல சாஞ்சிடுச்சு, இன்னொண்ணு இ.பி. லைன் பக்கமா போகுது. ஐப்பசி மழை வலுக்கிறதுக்குள்ள இந்த ரெண்டையும் எடுத்துடலாம்னு விறகுக்கடையில சொல்லி ஒருத்தர் நம்பர் வாங்கினேன். வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புங்கன்னார், பாத்துட்டு 3500 ஆகும்மான்னார், நானும் சரின்னுட்டேன். நேர்ல வந்து பாக்கவே இல்ல, அங்கயே நான் முழிச்சிருக்கணும்.

காலைல 7 மணிக்கு வர்றேன்னவங்க வந்தது பதினொண்ணு. அவரு ரெண்டு பசங்களையும் ஒரு மெஷின் ரம்பத்தையும் இறக்கி விட்டுட்டு டீ குடிச்சிட்டு வர்றேன்னு போனவர்தான், சாயங்காலம் காசு வாங்கத்தான் வந்தார். நான் கீழ நின்னு இது, அதுன்னு கையக் காட்டி சொல்லிட்டு அம்மாவுக்கு சாப்பாடு குடுக்க உள்ள போனேன், ஒரு முக்கால் மணி நேரம் இருக்கும், வெளிய வந்து பாத்தா கொல்லையில வெயில் அடிக்குது. எனக்கு முதல்ல என்னன்னே புரியல. எங்க கொல்லையில வெயில் விழுந்து நான் பாத்ததே இல்லைங்க. உச்சி மொத்தமும் காலி, நாலு குட்டை கட்டை மட்டும் வானத்தப் பாத்து நிக்குது. கேட்டா "இப்படி அடிச்சாத்தான்க்கா அடுத்த வருஷம் நல்லா தழையும்"னு ஒரு பையன் சொல்றான்.

சன்ஷேடு பக்கத்துக் கிளைய மேலேருந்து ஒரே வெட்டா வெட்டிருக்காங்க. பாதி வெட்டுலயே பாரம் தாங்காம முறிஞ்சு, கூடவே அடிமரத்துப் பட்டையையும் மூணு அடிக்கு உரிச்சிட்டு வந்திருக்கு, வாழ நாரு கிழிச்ச மாதிரி. விழுந்த வேகத்துல காம்பவுண்டு சுவர்ல ரெண்டு ஓடு போச்சு, அம்மாவோட கருவேப்பில செடியும் போச்சு.

சாயங்காலம் வந்தவர் 6000 கேக்குறார், வேலை ஜாஸ்தியாம். ஜாஸ்தியா யாரு செய்யச் சொன்னாங்க? பருத்த கட்டையெல்லாம் வண்டில ஏத்திக்கிட்டு தழையும் சுள்ளியும் அப்படியே போட்டுட்டார், அள்ளணும்னா தனிக் காசுன்னார். 2000 குடுத்தேன், மீதி அப்புறம்னு சொல்லிட்டேன், தினம் போன் பண்றார். இதுல மரத்துல இருந்த முசுறு (கடிக்கிற செவப்பு எறும்பு) கூடு எல்லாம் கீழ விழுந்து இப்ப வீட்டுக்குள்ள, கொடில காயுற துணில, எல்லா இடத்துலயும் முசுறு.

மரம் பிழைக்குமா, இந்த வருஷம் காய் வருமா, மீதிப் பணம் குடுக்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொள்ளாச்சி தோப்புக்காரன்:

மரம் சாகாதுங்க, மாமரம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனா காய் இந்த வருஷம் எதிர்பாக்காதீங்க. மா முத்துன கொழுந்து நுனிலதான் பூக்கும், மார்கழி தையில பூக்கணும்னா அதுக்கு முன்னயே கொழுந்து வந்து முத்திருக்கணும். அதனாலதான் கவாத்து பண்றவங்க, அதாவது கிளைய அளவா வெட்டி விடுறவங்க, காய் பறிச்ச கையோட, ஆடி ஆவணியிலயே முடிச்சிடுவாங்க. வெட்டாம விட்ட தாழ்கிளை ஏதாச்சும் இருந்தா அதுல நாலு காய் பாக்கலாம்.

பாரமான கிளைய முதல்ல அடிப்பக்கமா கொஞ்சம் அறுத்து, அதுக்கு ஒரு அடி வெளிய தள்ளி மேலேருந்து அறுத்து பாரத்த இறக்கிட்டு, கடைசியா மிச்சக் கட்டைய கிளை புடைச்சு ஆரம்பிக்கிற எடத்துல எடுக்கணும். அந்த அடிவெட்டு போட்டிருந்தா பட்டை உரிஞ்சிருக்காது. அஞ்சு நிமிஷ வேலைங்க.

இப்ப பண்ண வேண்டியது: பிஞ்சு தொங்குற பட்டைய நல்ல கத்தியால ஓரம் சீவி விடுங்க, நல்லா ஒட்டியிருக்குறத பிச்சிடாதீங்க. அப்புறம் போர்டோ பசை, வெட்டுன எடத்துல பூஞ்சை பிடிக்காம இருக்கத் தடவுறது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், மொத்தத் தண்ணி 1 லிட்டர், தனித்தனியா கரைச்சு துத்தக் கரைசல சுண்ணாம்புல ஊத்திக் கலக்குங்க. இரும்புப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் வாளி போதும். மழை இல்லாத நாளா பாத்து வெட்டுன எடத்துல எல்லாம் தடவுங்க. இத்தன வருஷம் நிழல்ல இருந்த அடிமரம் திடீர்னு வெயில் பட்டா பட்டை வெடிக்கும், அதனால சுண்ணாம்பு அடிச்சு விடுங்க. கட்டைக்கு கட்டை இருபது முப்பது கொழுந்து கிளம்பும், சந்தோஷப்பட்டு எல்லாத்தையும் விட்டுடாதீங்க, ரெண்டு மூணு மட்டும் வச்சிட்டு மத்தத கிள்ளிடுங்க. இல்லனா அத்தனையும் பிடிப்பில்லாம நீண்டு அடுத்த காத்துக்கு முறியும்.

மொட்டமாடி:

3500க்கு வேற என்ன எதிர்பாத்தீங்க மேடம்? மீதிய குடுக்காதீங்க, நம்பர பிளாக் பண்ணுங்க, முடிஞ்சுது.

மரமேறி மகன்:

மேல சொன்னவருக்கு, பிளாக் பண்ணா அந்த ரெண்டு பசங்க கூலிதான் நிக்கும், வண்டிக்காரருக்கு ஒண்ணும் ஆகாது. எங்க அப்பா இதே வேலதான் பாத்தாரு, அதனால சொல்றேன். அக்கா, உங்க மரத்த மொட்டையடிச்சது தெரியாமப் பண்ண தப்பு இல்ல. கட்டைக்காகப் பண்ணது. நீங்க சொன்ன ரெண்டு கிளைல என்ன விறகு தேறும்? உச்சிய எடுத்தா வண்டி நிறையும். நேரா விறகுக்கடைல நம்பர் வாங்கிருக்கீங்க, அவருக்கு உங்க மரம் விறகாத்தான தெரியும்.

எங்க அப்பா மரத்தடிக்கு வந்து நாலு சுத்து சுத்திப் பாக்காம ரேட்டே சொல்ல மாட்டாரு. வீட்டுக்காரங்களையே சாக்பீஸ் எடுத்துட்டு வரச் சொல்லி வெட்டுற எடத்துல கோடு போட்டுக்குவாரு. கட்டை யாருக்கு, தழை யாரு அள்ளுறதுன்னு மரம் ஏறுறதுக்கு முன்ன பேசி முடிச்சிடுவாரு, கட்டை அவருக்குன்னா கூலில கழிச்சிக்குவாரு. பெரிய கிளைய கயிறு கட்டித்தான் இறக்குவாரு. உங்ககிட்ட வந்த பசங்ககிட்ட கயிறு இருந்துச்சா? இடுப்புலயாவது கட்டிருந்தாங்களா? அந்த லைன் பக்கத்துக் கிளைல அவன் ஏறி ஏதாச்சும் ஆகியிருந்தா நீங்க இப்ப வேற எதோ கேட்டுட்டு இருந்திருப்பீங்க. லைன் கிட்ட இருக்குறதுக்கு இ.பி. ஆபீஸ்ல சொல்லணும்க்கா, பராமரிப்புக்கு கரன்ட் நிறுத்துற அன்னிக்கு பாத்துக்கலாம்.

பணம் விஷயத்துல, பேசுன 3500ல ஓட்டுக்கும் அள்ளுன கூலிக்கும் கழிச்சிட்டு மிச்சத்த அந்தப் பசங்க கைல குடுங்க.

காவேரிக்கரை:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கயிறு இருந்துச்சு தம்பி, வண்டில கட்டைய கட்டிட்டுப் போறதுக்கு. மரத்துல ஏறுன பையன் லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு வெறுங்காலோட ஏறுனான், நீங்க சொன்னப்புறம்தான் அது எனக்கு உறைக்குது, அதுவரைக்கும் மரத்த மட்டுமே நினைச்சிட்டு இருந்தேன்.

நேத்து ஓடு 400, தழை அள்ளுன ஆளுக்கு 600 கழிச்சிட்டு மிச்சம் 500 வச்சிருக்கேன்னு போன்ல சொன்னேன், கத்துனார், பசங்க வந்தாத்தான் தருவேன்னுட்டேன். உரக்கடைல மயில்துத்தம் வாங்கியாச்சு, மழை விடணும். அம்மா கொல்லைக் கதவையே தொறக்க மாட்டேங்குறாங்க, வெளிச்சம் கண்ணக் கூசுதாம்.

தோப்புக்காரரே, இன்னும் ஒண்ணு கேக்கணும், இந்த முசுறுக்கு என்ன பண்றது?

பொள்ளாச்சி தோப்புக்காரன்:

மருந்து எதுவும் அடிக்காதீங்க, மரத்துப் பூச்சிய முசுறுதான் தின்னும். தாழ்கிளை மிச்சம் இருந்தா தானா ஏறிக் கூடு கட்டிக்கும். ஒரு வாரம் துணிய மட்டும் மாடில காயப்போடுங்க.