ஒரே திராட்சை, இரண்டு நாடு: ருசி ஏன் மாறுகிறது?

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். வைன் செய்யும் ஒரு திராட்சைக்குப் பிரான்ஸில் சிரா என்று பெயர், ஆஸ்திரேலியாவில் ஷிராஸ், திராட்சை ஒன்றுதான். போன வாரம் இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தேன். பிரான்ஸின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கு வைனில் மிளகு வாசனை தூக்கலாக இருந்தது, லேசான துவர்ப்பும்கூட. ஆஸ்திரேலியாவின் பரோஸா பகுதி ஷிராஸ் நன்றாகக் கனிந்த பழம் மாதிரி, அடர்த்தியாக, ஆல்கஹாலும் கூடுதல். அங்கே வெயில் அதிகம், பழத்தில் சர்க்கரை ஏறும், புளிக்கும்போது அதுதான் ஆல்கஹாலாகிறது. சரி, அப்படியானால் இது நாட்டின் ருசியா, வெயிலின் ருசியா?

ஆஸ்திரேலியாவிலேயே குளிர்ச்சியான யாரா பள்ளத்தாக்கு ஷிராஸைக் குடித்தவர்கள் சொல்லுங்கள், அது ரோன் பக்கம் சாய்கிறதா? லேபிளை மறைத்து மூன்றையும் வீட்டில் ஊற்றிப் பார்க்கப் போகிறேன். 1976-இல் பாரிஸில் இப்படி மறைத்துச் சுவைத்தபோது பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னியா வைன்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். மூன்றும் ஒரே ஆண்டு அறுவடையாக இருக்க வேண்டுமா? எவ்வளவு குளிர்ச்சியில் ஊற்றலாம்?