தழும்பு ஆறிய பிறகும் துணி பட்டால் எரிவது ஏன்?

பிசியோ_மாணவி
குடலிறக்க அறுவை முடிந்து ஆறு மாதமான நோயாளி. தையல் ஆறிவிட்டது, ஸ்கேனிலும் குறையில்லை. ஆனால் கவட்டையில் துணி உரசினாலே எரிச்சல். ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரையும் கேட்கவில்லை. புண்ணே இல்லாதபோது வலி எங்கிருந்து வருகிறது? சிகிச்சையை எங்கே தொடங்குவது?

பின்கொம்பு
மூன்று மாதம் தாண்டினாலே நாள்பட்ட வலிதான். பச்சைப் புண்ணில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையை உசுப்பும். ஐபுபுரூஃபன் தடுப்பது முக்கியமாக அதைத்தான். வலியைக் கொண்டுவரும் மெல்லிய சி-நார்கள் ஓயாமல் தூண்டிக்கொண்டே இருந்தால் தண்டுவடத்தின் பின்கொம்பில் (உணர்வு நரம்புகள் வந்து சேரும் பின்பகுதி) கதை மாறுகிறது. அங்குள்ள நரம்பணுக்களில் செய்தி வாங்கும் வாயிலான என்எம்டிஏ ஏற்பியை அடைத்திருக்கும் மக்னீசியம் விலகி, கால்சியம் உள்ளே பாய்ந்து, இணைப்புகள் வலுக்கின்றன. பிறகு வெறும் தொடுகையைக் கொண்டுவரும் ஏ-பீட்டா நாரும் வலிப் பாதையைத் தூண்டிவிடும். துணி எரிவது அப்படித்தான்.

நரம்பே காயப்பட்டிருந்தால் இன்னொன்றும் சேரும். மைக்ரோகிளியா (தண்டுவடத்தின் காவல் செல்கள்) விடும் பிடிஎன்எஃப் என்ற புரதம், நரம்பணுவிலிருந்து குளோரைடை வெளியேற்றும் கேசிசி2 புரதத்தைக் குறைக்கிறது. குளோரைடு உள்ளே தேங்குவதால், நரம்பை அடக்கும் வேதிப்பொருளான காபா என்ற பிரேக் பிடிக்காமல் போகிறது. (இதில் மைக்ரோகிளியாவின் பங்கு ஆண் எலிகளில்தான் தெளிவு. மனிதருக்கு அப்படியே பொருத்திவிட வேண்டாம்.)

வலி_மருத்துவம்
சரி, ஆனால் எல்லாப் பழியையும் தண்டுவடத்தின் மேல் போடாதீர்கள். கவட்டைத் தோலுக்குப் போகும் இலியோஇங்குவினல் நரம்பு, அறுவையில் வைத்த வலையிலோ தையலிலோ சிக்கியிருக்கலாம். தழும்பருகே ஒரே புள்ளியில் தட்டும்போது மின்சாரம்போல் ஓடினால் அங்கே மரப்பு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரம் வலி அடங்கினால் அது வலுவான துப்பு.

மருந்தில், சிறிய பரப்பென்றால் 5% லிடோகெயின் பட்டை, நாளுக்கு 12 மணி நேரம். நரம்பு வலிக்கும் தரப்படும் மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் இரவில் 10 மி.கி.யில் தொடங்கும், இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு இருந்தால் தவிர்ப்பது நல்லது. வலிப்பு மருந்தான கபாபென்டின் 300 மி.கி.யில் ஆரம்பம். தோற்பது பெரும்பாலும் இங்கேதான்: 300-லேயே நிறுத்திவைத்து 'கேட்கவில்லை' என்று கைவிடுவார்கள். பலன் தெரிய நாளுக்கு 1800 வரை படிப்படியாக ஏற்ற வேண்டியிருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் குறைத்துத்தான். திடீரென நிறுத்தவும் கூடாது.

மருந்தாளுநர்
ஏற்கெனவே டிராமடால் (ஓபியாயிடு வகை வலி மருந்து) போகிறதா என்று கேளுங்கள். அமிட்ரிப்டிலினோடு சேர்ந்தால் செரட்டோனின் கூடும். கபாபென்டினோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். ஓபியாயிடு நீண்டால் அதுவே வலியுணர்வைக் கூட்டவும் செய்யும்.

பிசியோ_மாணவி
என் பங்கில் என்ன செய்யலாம்?

பின்கொம்பு
தோலைத் தொடுகைக்குப் பழக்குங்கள்: தழும்பின் ஓரத்தில் பஞ்சால் தடவத் தொடங்கி, பழகியதும் பருத்தித் துணி, பிறகு சொரசொரப்பான துண்டு. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளில் சில முறை. நடையை நேரக் கணக்கில் கூட்டுங்கள், வலிக் கணக்கில் அல்ல. நல்ல நாளில் இரட்டிப்பாக நடந்து, மறுநாள் படுத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு.