பாரலாச்சா கணவாய் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, கிளட்ச் எரிந்த வாடை. நாளை சார்ச்சூ போகலாமா?

வழிப்போக்கன்:

கேலாங்கில், விடுதி வைஃபையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணாலி–லே சாலை தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் பதில் சொன்னால் நல்லது.

நானும் மனைவியும் சண்டிகரிலிருந்து சொந்தக் காரில் லே போகிறோம். 1.2 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது, மேனுவல் கியர், எட்டு வருட வண்டி, 74,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கிளட்ச் இதுவரை மாற்றவில்லை. நேற்றிரவு மணாலியில் தங்கினோம். இன்று காலை அடல் சுரங்கம் வழியாக வந்து, தாண்டி என்ற ஊரில் டேங்கை நிரப்பி, ஜிஸ்பாவில் சாப்பிட்டுவிட்டு, இரவு சார்ச்சூ கூடாரத்தில் தங்குவதாகத் திட்டம்.

தார்ச்சா வரை ஒரு குறையும் இல்லை. ஜிங்ஜிங்பார் தாண்டியதும் இரண்டாவது கியரில் வண்டி செத்துப்போனது. முதல் கியருக்கு மாற்றினாலும் தவழ்கிறது. ஒரு வளைவில் முன்னால் லாரி நின்றுவிட, நானும் நின்று மறுபடி எடுத்தபோது சரியான கருகல் வாடை. அடுத்தடுத்த வளைவுகளிலும் அதேதான். சாலையில் ஓடைத் தண்ணீர் வேறு ஏறிக்கொண்டிருந்தது. பயந்துபோய்த் திரும்பி கேலாங் வந்துவிட்டோம்.

கிளட்ச் போய்விட்டதா, அல்லது உயரத்தால் அப்படித்தான் இருக்குமா? இங்கே மெக்கானிக்கிடம் பிரித்துப் பார்ப்பதா, காலையில் இன்னொரு தடவை முயல்வதா? மனைவி திரும்பிப் போய்விடலாம் என்கிறாள். அவளுக்கு லேசாகத் தலைவலி வேறு.

ஒர்க்ஷாப் அண்ணாச்சி:

தம்பி, பிரிக்க வேண்டாம். முதலில் வீட்டுச் சோதனை இரண்டு.

ஒன்று, சமதளத்தில் வண்டியை நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போடு. மூன்றாவது கியரில் வைத்துக் கிளட்சை மெதுவாக விடு. என்ஜின் குலுங்கி அணைந்துவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது. இரண்டு, சமமான சாலையில் நாலாவது கியரில் 40-ல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதி. வேகம் ஏறாமல் ஆர்பிஎம் (என்ஜின் சுற்று) மட்டும் எகிறினால் வழுக்குகிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார். வெப்பமானி முள் எங்கே நின்றது, கறுப்புப் புகை வந்ததா, ஏசி ஓடியதா, கூரையில் சுமை இருந்ததா என்றும் சொல்.

பாரலாச்சா 4,890 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். டர்போ இல்லாத என்ஜினின் இழுவையும் கிட்டத்தட்ட அதே கணக்கில் குறையும். 80 குதிரை என்று வாங்கிய வண்டி அங்கே 50-க்கும் கீழே. எனவே தவழ்வது நோய் இல்லை. வாடை வந்ததுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

நாலுசக்கரம்:

அந்தச் சாலைக்குச் சின்ன ஹேட்ச்பேக்கா? டீசல் எஸ்யூவி வாடகைக்கு எடுத்திருக்கலாமே.

மேக்னடிக் ஹில்:

ஐயா, கோடை முழுக்கச் சின்ன பெட்ரோல் கார்கள் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. வெளியூர் வாடகை செல்ஃப் டிரைவ் வண்டியில் லே சுற்றினால் அங்குள்ள டாக்சிக்காரர்கள் மறிப்பார்கள், அது தனித் தலைவலி. சொந்த வண்டியில் வந்ததே நல்லது.

பனிக்காற்று:

வண்டியை விடுங்கள். நான் செவிலியர், லேயில் இரண்டு கோடைகாலம் வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் பதிவில் எனக்கு உறுத்துவது கடைசி வரி.

மணாலி சுமார் 2,050 மீட்டர். ஒரே ஒரு ராத்திரி அங்கே. மறுநாள் சார்ச்சூ, ஏறக்குறைய 4,300. அதாவது தூங்கும் உயரத்தை ஒரே நாளில் 2,200 மீட்டருக்கு மேல் ஏற்றப் பார்த்திருக்கிறீர்கள். 3,000-க்கு மேல் போனபின் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான விதி. பகலில் எவ்வளவு உயரம் தொட்டாலும் உடம்பு ஓரளவு தாங்கும், தூங்குகிற இடம்தான் முக்கியம். வண்டி மக்கர் செய்யாவிட்டால் இந்நேரம் கூடாரத்தில் இருந்திருப்பீர்கள்.

தலைவலியோடு வாந்தி, தலைச்சுற்றல், சாப்பாடு பிடிக்காமை ஏதாவது உண்டா?

வழிப்போக்கன்:

அண்ணாச்சி, மூன்றாவது கியரில் வைத்து விட்டேன், சட்டென்று அணைந்துவிட்டது. ஊருக்கு வெளியே ஓட்டியும் பார்த்தேன், ஆர்பிஎம் தனியாக ஏறவில்லை. முள் பாதியில்தான் நின்றது, புகை இல்லை. ஏர் ஃபில்டரைத் தட்டினால் அரைப்பிடி மண். ஏசி ஓடவில்லை, ஆனால் ஹீட்டர் இருந்தது. கூரையில் கேரியர், அதில் இரண்டு பெட்டி, 20 லிட்டர் பெட்ரோல் கேன்.

பனிக்காற்று மேடம், தலைவலி லேசாகத்தான். மாத்திரை போட்டாயிற்று. காலையில் சரியாகிவிடும். அப்படியானால் நாளை சார்ச்சூ போகலாம்தானே?

வழிப்போக்கன்:

இதே ஐடியில் அவர் மனைவி எழுதுகிறேன். அவர் தூங்குகிறார்.

தலைவலி எனக்கு இல்லை, அவருக்கு. ஜிங்ஜிங்பாரில் டீ வாங்கிக் கையில் வைத்திருந்தார், வாயில் வைக்கவில்லை. அதற்குப் பிறகு இடது கால் கிளட்ச் மேலேயே இருந்தது. இரண்டு தடவை சொன்னேன், காதில் விழாதது மாதிரி ஓட்டினார். நாலாவது வளைவில் கதவைத் திறந்து வாந்தி எடுத்தார். திரும்பலாம் என்றது அப்போதுதான். கீழே இறக்கி ஓட்டி வந்தது நான், வாடையே வரவில்லை. இறக்கம் என்பதால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

இப்போது என்ன செய்யட்டும்?

பனிக்காற்று:

நல்ல வேளை எழுதினீர்கள். இப்போதே எழுப்புங்கள். என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேளுங்கள். தரையில் ஒரு நேர்கோட்டில், ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். குடித்தவர் மாதிரி தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்று பொருள். இங்கேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, கேலாங் மாவட்டத் தலைநகர். அங்கே காட்டிவிட்டு, உடனே கீழே இறங்கும் வழியைப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். 2020 அக்டோபருக்கு முன்பு கேலாங்கிலிருந்து மணாலிக்கு இறங்க வேண்டுமானால் முதலில் 3,978 மீட்டர் ரோதாங் கணவாயை ஏறிக் கடக்க வேண்டும். மூச்சு முட்டுகிறவரை இன்னும் மேலே தூக்கிக்கொண்டு போகிற கொடுமை. இப்போது 9 கி.மீ. சுரங்கம், நேராக மறுபக்கம்.

தள்ளாட்டம் எதுவும் இல்லை, வெறும் தலைவலி, குமட்டல்தான் என்றால் இங்கேயே இருங்கள். தலைவலி முழுக்கப் போகும்வரை ஓர் அடிகூட மேலே வேண்டாம். வலி மாத்திரை வலியை மறைக்கும், உடம்பைப் பழக்காது. உயரத்துக்கு உடம்பு பழக உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி நாளை டாக்டரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். கடையில் விற்கிற சின்ன ஆக்ஸிஜன் டப்பா சில நிமிடத்துக்குத்தான், அதை நம்பி மலை ஏறாதீர்கள். சாராயமும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.

வழிப்போக்கன்:

எழுப்பினேன். திட்டினார். கிழமை சரியாகச் சொன்னார், கோட்டில் நேராக நடந்தார், இருமல் இல்லை. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

ஒர்க்ஷாப் அண்ணாச்சி:

அம்மா, வாடைக்குக் காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பெடல்மேல் கால் கிடந்தால் கிளட்ச் பாதிதான் பிடிக்கும், தட்டு உரசிக்கொண்டே இருக்கும். இழுவை குறைந்த என்ஜினுக்கு அது இரட்டை வேலை. ஆற விட்டதும் சோதனையில் தேறியிருக்கிறது என்றால் இன்னும் உயிர் இருக்கிறது.

மேலே போவதானால் கேரியரில் இருப்பதை உள்ளே வையுங்கள், தேவையில்லாததை விடுதியில் விட்டுவிடுங்கள். ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். ஆனால் அந்தக் கேனை மூடிய காருக்குள் வைக்காதீர்கள். மேலே போகப்போக வெளியழுத்தம் குறையும், கேன் உப்பும், ஆவி கசியும். கூரையிலேயே இறுகக் கட்டுங்கள். திறக்கும்போது மெதுவாகத் திறங்கள்.

ஏற்றத்தில் முதல் கியர், 3,000 ஆர்பிஎம் சுற்றி, கால் பெடலை விட்டு முழுக்கக் கீழே. முன்னால் லாரி திணறினால் அதன் வாலைப் பிடிக்காதீர்கள். கீழ் வளைவில் சமமான இடத்தில் நின்று, அது மேலே போனதும் ஒரே மூச்சில் ஏறுங்கள். நின்றே ஆக வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக்கில் நில்லுங்கள், கிளட்சில் அல்ல.

மேக்னடிக் ஹில்:

ஓடைக்கும் ஒரு வரி. பகல் வெயிலில் மேலே பனி உருகி மாலையில் தண்ணீர் ஏறிவிடும். இருட்டோடு கிளம்பினால் பாதிதான் இருக்கும். தாண்டியதும் பிரேக்கை நாலைந்து தடவை லேசாக மிதித்துக் காயவைக்க வேண்டும்.

சார்ச்சூவிலும், அதைத் தாண்டி வரும் பாங் என்ற இடத்திலும் (4,600 மீட்டர்) தூங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு மூன்று இரவு தங்கிவிட்டு, விடியுமுன் கிளம்பி ஒரே நாளில் லே. சுமார் 350 கி.மீ., நீளமான நாள்தான். ஆனால் நடுவில் 5,328 மீட்டர் தங்லாங் லா கணவாய் வரை தொட்டாலும் படுப்பது 3,500-ல். கூடாரத்துக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும்.

தாண்டி பங்க்கில் '365 கி.மீ.க்கு அடுத்த பங்க் இல்லை' என்ற போர்டைப் பார்த்திருப்பீர்கள். இப்போது லேவுக்கு முன்பே காரு என்ற ஊரில் பங்க் உண்டு. இருந்தாலும் டேங்கை மறுபடி நிரப்பிவிட்டே ஏறுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, யாராவது ஒருவரிடம் போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

நாலுசக்கரம்:

டயரில் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்களே, அது உண்மையா?

ஒர்க்ஷாப் அண்ணாச்சி:

சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பாய், அதே கதைதான். வெளியழுத்தம் குறைவதால் கணவாயில் மீட்டர் 6 பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். ஆனால் பத்து டிகிரி குளிருக்கு ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கியும் விடும். இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். பதறிக் காற்றை இறக்காதே, இரவு தங்கிய இடத்தில் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்தால் போதும்.

வழிப்போக்கன்:

லே வந்துவிட்டோம். நான்தான் எழுதுகிறேன், ஐடியின் சொந்தக்காரன்.

கேலாங்கில் மேலும் இரண்டு இரவு தங்கினோம். டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார். மறுநாள் மாலை தலைவலி போய்விட்டது, பசி வந்தது. விரல் நுனி குறுகுறுக்கிறது, சோடா சப்பென்று இருக்கிறது. இரண்டும் அந்த மாத்திரையின் வேலையாம்.

காலை 4 மணிக்குக் கிளம்பினோம். பாரலாச்சா ஏற்றத்தை அவள் ஓட்டினாள், முதல் கியர், நிற்கவே இல்லை, வாடையும் இல்லை. சார்ச்சூவில் என் கூடாரம் இருக்க வேண்டிய இடத்தில் இறங்கி டீ குடித்தோம். கொஞ்ச தூரம் நடந்ததற்கே மூச்சு வாங்கியது. காட்டா லூப்ஸ் 21 வளைவுகளும் அவள் கணக்கில். பாங் தாண்டி மோரே சமவெளியில் 40 கி.மீ. எனக்குக் கிடைத்தது. தங்லாங் லாவில் ஐந்தே நிமிடம். லேவுக்குள் நுழைந்தபோது மாலை 6.40.

தலைவலியை அவள்மேல் போட்டு எழுதியதற்கு எல்லோரிடமும் மன்னிப்பு. அதை இவ்வளவு விசாரிப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

ஒர்க்ஷாப் அண்ணாச்சி:

சந்தோஷம். கிளட்ச் பெடல் முன்பைவிட மேலே வந்து பிடிக்கிறதா என்று பார். பிடித்தால் கேபிளைச் சரிசெய்துகொண்டு இறங்கு. சண்டிகர் போனதும் தட்டை மாற்றிவிடு.

வழிப்போக்கன்:

கொஞ்சம் மேலேதான் பிடிக்கிறது அண்ணாச்சி, நாளை சரிசெய்கிறேன். கர்துங் லாவுக்கு நாளைக்கே போகலாமா என்று கேட்டேன். லேயில் இரண்டு இரவு கழியட்டும் என்று சொல்லி, சாவியை அவள் பையில் போட்டுக்கொண்டாள்.