சுக்கா: கூடாரமா, பந்தலா, குரம்பையா?

எல்லாருக்கும் வணக்கம். யூதப் பண்டிகைகள் பத்தின பாடப்புத்தகம் ஒண்ணு மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். சுக்கோத் பண்டிகையில (நம்ம பைபிள்ல கூடாரப்பண்டிகை) யூத நாட்காட்டியில திஷ்ரி மாசம் 15லருந்து ஏழு நாள் வெளிய ஒண்ணு கட்டி அதுல தங்கிச் சாப்பிடுறாங்கல்ல, அந்த 'சுக்கா'வுக்குத் தமிழ்ல என்ன போடுறது? பைபிள்ல கூடாரம். ஆனா யூதச் சட்டப்படி கூரை மண்ணுல விளைஞ்சு வெட்டின கிளை, ஓலையா இருக்கணும், துணிக்கூரை செல்லாது. கூடாரம்னு எழுதினா செல்லாததையே எழுதின மாதிரி ஆகுது. சுக்கான்னே விட்டா பசங்களுக்கு மட்டன் சுக்காதான் ஞாபகம் வரும்.

————

பந்தல்னு போடுங்க தம்பி. வெட்டின கிளை, ஓலை, மேல இடுக்கு வழியா நட்சத்திரம் தெரியணும், எல்லாம் பொருந்துது. சங்கத்துல பந்தர், கடைப்போலியா, அதாவது கடைசி எழுத்து மட்டும் மாறி, பந்தல் ஆச்சு, தூய தமிழ்.

————

பந்தல்ல யாருங்கய்யா ஏழு நாள் தங்குறது? கல்யாணம் முடிஞ்சா பிரிச்சிடுவோம். குரம்பைன்னா சின்னக் குடிசை, 'புல்வேய் குரம்பை'ன்னு, புல்லு வேஞ்ச குடிசைன்னு, சங்கப்பாட்டே இருக்கு, வேயுறதும் வந்துடுச்சு குடியிருக்கிறதும் வந்துடுச்சு. எபிரேய வேருக்கும் மூடுறது, மறைக்கிறதுன்னுதான் பொருள். குரம்பைய விட்டா வேற சொல்லே இல்லைங்கிறேன்.

————

குரம்பைன்னா ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்க யாருக்குப் புரியும் ஐயா? யோவான் 7ல இயேசு 'ஒருவன் தாகமாயிருந்தால்'னு கூப்பிட்டது இந்தப் பண்டிகையோட கடைசி நாள்லதான். அந்தக் காலத்துல பண்டிகை நாள்ல தினமும் எருசலேம்ல சீலோவாம் குளத்துத் தண்ணி மொண்டு வந்து ஆலயப் பலிபீடத்துல ஊத்துவாங்க, அது தெரிஞ்சாத்தான் அந்த வசனத்தோட கனமே புரியும். நம்ம வேரு அங்க இருக்கு, அதை ஏன் பேர மாத்தி அறுக்கணும்? கூடாரப்பண்டிகை அப்படியே இருக்கட்டும்.

————

அக்கா, பண்டிகைப் பேர யாரும் தொடலையே, கட்டுற பொருளுக்குத்தான் கேக்குறார். யோனா 4:5ல அதே எபிரேயச் சொல்லுக்கு நம்ம பைபிளே 'குடிசை'ன்னுதான் போட்டிருக்கு! எல்லாத்தையும் கூடாரம்னு சொல்லிச் சொல்லித்தான் மோசே காலத்து வழிபாட்டு இடமான ஆசரிப்புக் கூடாரமும் இதுவும் ஒண்ணுன்னு பாதிப்பேர் நினைக்கிறாங்க. 'பந்தற்குடில்' எப்படி?

————

குடில்னாலே டிசம்பர் மாசத்துக் கிறிஸ்துமஸ் குடில்தான் நினைப்புக்கு வரும், வேணாம். சொற்புணர்ச்சி சரி, ஆனா பந்தற்குடில்னு வாயில வரவும் மாட்டேங்குது.

————

நன்றிங்க எல்லாருக்கும். பண்டிகைக்குக் கூடாரப்பண்டிகை, கட்டுறதுக்கு 'ஓலைப்பந்தல்', முதல்ல வர்ற இடத்துல மட்டும் சுக்கான்னு சேர்த்துக்கிறேன். நாலு பேர் சரின்னு தனிமடல் போட்டிருக்கீங்க.

————

சுக்கா போட ஒலிவக்கிளை, மிருதுச்செடிக் கிளை எல்லாம் கொண்டு வரச் சொன்னது பைபிள்ல நெகேமியா 8ல இருக்கே, அது ஓலையா? குரம்பைன்னா என்ன கிளை போட்டாலும் நிக்கும். என் எதிர்ப்பைப் பதிஞ்சு வைங்க.