மடக்கு வேண்டாம், படியடி என்போமா?

அன்புள்ள அண்ணாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

ஆங்கிலக் கதைப்பாடல் ஆய்வில் வழங்கும் ‘இன்கிரிமென்டல் ரெபிட்டிஷன்’ (வந்த அடியே சிறிது மாறித் திரும்ப வருதல்) என்பதற்கு நீங்கள் தந்த ‘வளர்மடக்கு’ என்ற சொல்லை இங்கே முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில் தரம் 10 பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். “மடக்குக் கதிரை மாதிரியா சேர்?” என்றாள் ஒருத்தி. இன்னொருவன் கொப்பியில் ‘வளர்மடங்கு’ என்று எழுதிக் கணக்குப் பாடமாக்கிவிட்டான். அதைவிடப் பெரிய சிக்கல் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம். அங்கே மடக்கு என்றால் வந்த எழுத்துக் கூட்டமே மீண்டும் வந்து வேறு பொருள் தரவேண்டும். இரட்டைத்தொடையும் பொருந்தாது, அதில் ஒரே சொல்லே அடி முழுக்க வரும்.

நாம் தேடுவது, வந்த அடியே ஒன்றிரண்டு சொல் மாறித் திரும்ப வருவதற்கு ஒரு பெயர். எல்லாருக்கும் தெரிந்த தாலாட்டு:

மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே
அத்தை அடித்தாளோ அல்லிப்பூச் செண்டாலே

மாமனும் தேமா, அத்தையும் தேமா; இரண்டுக்கும் ஒரே அசையளவு. ஆள் மாறியதும் பூவும் மாறுகிறது. ஒன்றாம் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் முதலெழுத்து ஒன்றிப் பொழிப்பு மோனை நிற்கவேண்டுமே! மல்லிகைப்பூ என்ற கூவிளங்காய் போய் அல்லிப்பூ என்ற தேமாங்காய் வந்தாலும் இரண்டும் மூவசைக் காய்ச்சீர்தான், ஏணை ஆட்டம் குலையாது. எங்கள் அம்மம்மா அத்தை என்று பாடமாட்டா, மாமிதான். உடனே அல்லி கழன்று மல்லிகை வந்து ஒட்டிக்கொள்ளும். பூவை மோனைதான் தெரிவுசெய்கிறது.

என் பரிந்துரை ‘படியடி’. படி என்றால் நகல்; ஏறுகிற படியும் அதுதான். மாறும் இடத்துக்கு ‘மாறுசீர்’. ஒரு குறை உண்டு. பிள்ளைகளின் காதில் அது “படி, இல்லாவிட்டால் அடி” என்று விழுந்துவிட்டது. சிரித்து முடிய ஐந்து நிமிடம் போனது.

*

தம்பி, கதிரையிடம் தோற்றேன். வளர்மடக்கை மீளப் பெறுகிறேன்.

சரி, ‘பாட்டி அடித்தாளோ பாலூட்டும் கையாலே’ என்ற அடியை என்ன செய்வீர்கள்? அதில் செண்டும் போய்விட்டது. நான்கு சீரில் மூன்று மாறிவிட்டன; ஆனாலும் அதே அடி திரும்பி வந்ததாகத்தான் காது கேட்கிறது. கடைசியில் ‘ஆலே’ என்ற இயைபு பிடித்து நிறுத்துகிறது. ஆகவே வரையறையில் ‘ஒன்றிரண்டு சொல்’ வேண்டாம்.

படியடிக்கு நான் சம்மதம், பிரம்போடு சேர்த்தே. மாறுசீர்தான் இடிக்கிறது. ‘செண்டாலே’ போய்க் ‘கையாலே’ வந்த இடத்தில் சீர் முழுதும் மாறவில்லை, கடைசி அசை அப்படியே நிற்கிறது. ‘மாறிடம்’ என்று வைத்தால்?